தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நோய் ஆதரவுப் பணியாளர்களின் நலம் காப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

குணமாக்க முடியாத நோயோடு வீட்டில் படுத்திருப்பவரைத் தேடிப் போய் வலியைக் குறைத்து, புண்ணைச் சுத்தம் செய்து, குடும்பத்துக்குத் தைரியம் சொல்லிவிட்டு வருகிற நோய் ஆதரவுப் பணியாளர்கள் நம் இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு நோய் ஆதரவு செவிலியரும் ஒரு பிசியோதெரபிஸ்டும் உண்டு. ஊர்களில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளிலும் அறக்கட்டளை இல்லங்களிலும் இதே வேலையைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்: வட்டார மருத்துவ அலுவலர், செவிலியர் கண்காணிப்பாளர், அறக்கட்டளை நிர்வாகி, குழுவில் மூத்த சிஸ்டர்.

இந்த வேலையில் இருப்பவர்களிடம் நிதானமாகப் பேசினால் ஒரு விஷயம் தெரியும். சாவைப் பார்ப்பதைவிட, சாவைச் சுற்றி இருக்கும் மற்ற விஷயங்கள்தான் அவர்களை அதிகம் உடைக்கின்றன. மார்ஃபின் என்ற வலி மருந்து தீர்ந்துபோய், வலியில் துடிப்பவர் முன்னால் வெறுங்கையோடு நிற்பது. நான்கு வீடு பார்க்கும் நேரத்தில் பத்து வீடு பார்க்கச் சொல்வது. "அவருக்கு என்ன நோய்னு சொல்லிடாதீங்க" என்று குடும்பம் சொன்னதற்காக, "எனக்கு என்ன சிஸ்டர்?" என்று கேட்பவரின் கண்ணைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிவது. அதனால் யோகா வகுப்பையும் ஒருநாள் பயிற்சியையும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் வேலையைச் சரிசெய்ய வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசையும் அப்படித்தான்.

முதல் படி: ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்

ரிவ்யூ மீட்டிங்கில் "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "நல்லா இருக்கோம் சார்" என்றுதான் பதில் வரும். ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாக உட்காருங்கள். போனை சைலண்டில் போடுங்கள். பேசுவது ரெஜிஸ்டரில் ஏறாது, மேலே போகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"கஷ்டமா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "போன மாசம் பார்த்ததில் எந்த வீடு இன்னும் மனசுல இருக்கு?" என்று கேளுங்கள். "காலையில் கிளம்பும்போது எந்த வேலையை நினைச்சா கால் பின்வாங்குது?" என்று கேளுங்கள். "நான் ஒரே ஒரு விஷயத்தை மாற்றலாம்னா எதை மாற்றணும்?" என்பது மூன்றாவது கேள்வி. இந்த மூன்றும் போதும். மற்றதெல்லாம் தானாக வரும்.

வருகிற பதில்களைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே சோர்வாகத்தான் தெரியும், மருந்து வேறு வேறு.

ஒன்று, வேலைப் பளுவால் வரும் எரிந்துபோன நிலை (பர்ன்அவுட்). உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் இதை வேலையோடு தொடர்புடைய ஒரு நிலையாகச் சேர்த்தது. நோய் என்று சொல்லவில்லை. அதற்கு மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நாம் செய்வதால் எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணம். இதற்கு மருந்து வேலை அளவை மாற்றுவதுதான். இரண்டு, துக்கம். மாதக்கணக்கில் பார்த்த ஒருவர் போய்விட்டார், அழ இடமில்லை. இதற்கு நேரமும் துணையும் வேண்டும். மூன்று, மனசாட்சி உறுத்தல். எது சரி என்று தெரிகிறது, செய்ய விடமாட்டேன் என்கிறார்கள். இதைத் தீர்க்க நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும், ஆறுதல் சொல்லிப் பயனில்லை. நான்கு, அடுத்தவர் வலியைத் தாங்கித் தாங்கி உள்ளே மரத்துப்போவது. எல்லாரிடமும் கனிவாகப் பேசிய சிஸ்டர் இப்போது பேஷண்டைப் படுக்கை நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். திட்டாதீர்கள். அது குணக்கேடு இல்லை, காயம்.

இரண்டாம் படி: விசிட் கணக்கை நேர்மையாக்குங்கள்

தருமபுரி டவுனில் ஒரு வீட்டுக்குப் போவதும், வத்தல்மலை ஏறி ஒரு வீட்டுக்குப் போவதும் ரெஜிஸ்டரில் ஒரே ஒரு விசிட்தான். சித்தேரி மலை, பெட்டமுகிலாளம், அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் இப்படித்தான். அங்கே ஒரு நாளில் இரண்டு பேரைப் பார்த்துவிட்டு வருகிற செவிலியர், டார்கெட் முடிக்காதவர் என்று மீட்டிங்கில் பேச்சு வாங்குவார். இந்த அநியாயம்தான் பலரை வேலையை விட்டே துரத்துகிறது என்பது என் உறுதியான கருத்து.

எண்ணிக்கைக்குப் பதிலாக எடை போடுங்கள். நான் பரிந்துரைக்கும் கணக்கு எளிது. வழக்கமான மறுவிசிட்டுக்கு 1 புள்ளி. புது பேஷண்டின் முதல் விசிட்டுக்கு 2, ஏனென்றால் குடும்பம் முழுவதையும் உட்காரவைத்துப் பேச வேண்டியிருக்கும். மலை, காட்டு வழி என்றால் கூடுதலாக 1. கடைசி நாட்களில் இருப்பவர், நாற்றமெடுக்கும் பெரிய புண் உள்ளவர், குழந்தை என்றால் 3. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 7 அல்லது 8 புள்ளிக்கு மேல் போடாதீர்கள். மேலதிகாரிக்கு எண்ணிக்கை தேவை என்றால் அதையும் எழுதுங்கள், பக்கத்திலேயே புள்ளியையும் எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் எழுதினால் பேசுவதற்குக் கையில் ஆதாரம் இருக்கும்.

அப்புறம் பகிர்வு. ஒவ்வொரு குழுவிலும் 'கஷ்டமான கேஸா, அவங்களைக் கூப்பிடு' என்று ஒருவர் இருப்பார். பொறுமைசாலி, கைராசிக்காரர், எந்த வீட்டிலும் ஏற்றுக்கொள்வார்கள். வாய்ப்புற்றுநோய்ப் புண்கள் எல்லாம் அவர் தலையில்தான் விழும். அவர் முடியாது என்று சொல்லமாட்டார், ஒருநாள் ராஜினாமா கடிதம்தான் கொடுப்பார். வாரா வாரம் பட்டியலைப் பார்த்து 3 புள்ளி கேஸ்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே பேஷண்டைத் தொடர்ந்து ஒருவரே பார்ப்பது குடும்பத்துக்கு நல்லதுதான், அதனால் நடுவில் மாற்றாமல் புதிதாக வருவதைப் பிரித்துக் கொடுங்கள்.

பயண நேரமும் பாதுகாப்பும் இதில்தான் வரும். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் ராகி விளையும் காலத்தில் யானைக் கூட்டங்கள் வரும். அந்த மாதங்களில் அந்த வழி விசிட்டுகளைக் காலையில் வையுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே வண்டி மெயின் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். கிளம்புமுன் அந்த ஊர்த் தன்னார்வலருக்கு ஒரு போன் போட்டு வழியைக் கேட்பது விதியாக இருக்கட்டும். செவிலியர் தனியாக ஸ்கூட்டியில் போகும் ஏற்பாடு எந்தக் காலத்திலும் அந்த வழிகளில் வேண்டாம்.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் பேச வேண்டும். வழியில் பெண் பணியாளர்களுக்குக் கழிப்பறை. காலை எட்டு மணிக்குக் கிளம்பி மூன்று மணிக்குத் திரும்பும்வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் பலர். சிறுநீர்த் தொற்று, தலைவலி, எரிச்சல் எல்லாம் அதனால் வருகிறது. ரூட் போடும்போதே நடுவில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது துணை சுகாதார நிலையத்தில் நிறுத்தலாம் என்று குறித்துக் கொடுங்கள். மாதவிலக்கு நாட்களில் மலை ரூட்டை மாற்றிக்கொள்ள, காரணம் சொல்லாமலே கேட்கலாம் என்று அறிவித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்

வலி தீர்க்க மருந்து இருப்பது பேஷண்டுக்கு மட்டும் நல்லது என்று நினைக்கிறோம். பணியாளருக்கும் அதுதான் முதல் பாதுகாப்பு. வாய்வழி மார்ஃபின் விஷயத்தில் 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்னால் பல துறைகளில் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. இப்போது அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற தகுதியை மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் பெற்றால் வாங்கி வைத்துக்கொடுக்கலாம். உங்கள் நிறுவனத்துக்கு அந்தத் தகுதி இல்லை என்றால், தகுதி உள்ள பக்கத்து மருத்துவமனையோடு பேசி ஏற்பாடு செய்வது நிர்வாகியின் வேலை. ஸ்டாக் இரண்டு வாரத்துக்குக் கீழே இறங்கினால் உடனே மருந்து கேட்டு இன்டென்ட் போடுங்கள். தீர்ந்த பிறகு போடுவதால் வரும் இடைவெளியில் அந்த வீட்டில் நிற்பது நீங்கள் இல்லை, உங்கள் சிஸ்டர்.

கிட் பையில் மெட்ரோனிடசோல் மாத்திரை அல்லது பவுடர் எப்போதும் இருக்க வேண்டும். அழுகும் புண்ணின் நாற்றம் அதனால் வெகுவாகக் குறையும். நாற்றம் குறைந்தால் பேரப்பிள்ளைகள் தாத்தா பக்கத்தில் வருவார்கள், செவிலியரும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து பேச முடியும். நல்ல முகக்கவசமும் நீளக் கையுறையும் கொடுங்கள். மூக்கைப் பொத்திக்கொள்வது பேஷண்டை அவமானப்படுத்தும் என்று பயந்து பலர் வெறும் முகத்தோடு வேலை செய்கிறார்கள். "உங்களுக்குத் தொற்று வந்துடக்கூடாதுன்னு போட்டுக்கறேன் ஐயா" என்று சொல்லிப் போட்டுக்கொள்ளப் பழக்குங்கள்.

ஊசி குத்திவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது அச்சடித்து ஒவ்வொரு கிட்டிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த இடத்தைப் பிசையாமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். பொறுப்பாளருக்கு உடனே போன். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்று அரசு மருத்துவமனையில் அன்றே முடிவு செய்ய வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் எல்லாருக்கும் போடப்பட்டிருக்க வேண்டும், ஆயாவும் குப்பை எடுப்பவரும் உட்பட. முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது.

முதுகுவலியையும் மறந்துவிடாதீர்கள். கிராமத்து வீட்டில் பேஷண்ட் தரையில் பாயில் இருப்பார், அல்லது தொய்ந்த கயிற்றுக் கட்டிலில். குனிந்து குனிந்து டிரெஸ்ஸிங் செய்து முப்பத்தைந்து வயதிலேயே இடுப்புப் பெல்ட் போட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் குழுவின் பிசியோதெரபிஸ்டை ஒரு மதியம் உட்காரவைத்து, தரையில் படுத்திருப்பவரைப் புடவை அல்லது பெட்ஷீட் வைத்து இருவர் சேர்ந்து எப்படி நகர்த்துவது என்று எல்லாருக்கும் செய்து காட்டச் சொல்லுங்கள். டிரெஸ்ஸிங்குக்கு உட்காரச் சின்ன மடக்கு ஸ்டூல் ஒன்றை வண்டியில் போட்டு வையுங்கள்.

நான்காம் படி: வாரம் ஒரு மணி நேரம், இறந்தவர்களைப் பற்றிப் பேச

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், கதவை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம். ரிப்போர்ட் கிடையாது, டார்கெட் கிடையாது. அந்த வாரம் இறந்தவர்களின் பெயரை ஒருவர் வாசிப்பார். பார்த்தவர்கள் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகர வழக்கறிஞர் கென்னத் சுவார்ட்ஸ் நுரையீரல் புற்றுநோயால் 1995-இல் இறந்தார். தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் கனிவு தனக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்று அவர் எழுதிவைத்தார். அவர் பெயரால் அமைந்த மையம் தொடங்கிய கூட்டங்கள் இப்போது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல மருத்துவமனைகளில் நடக்கின்றன. சிகிச்சையில் என்ன தவறு, என்ன சரி என்பது அங்கே விவாதம் இல்லை. அந்த வேலை செய்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் பேச்சு. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஸ்டோர் ரூமிலும் இதை நடத்தலாம்.

எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். காரிமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர். கன்னத்தில் புற்றுநோய், புண் வெளியே திறந்துவிட்டது. அவரைப் பார்த்துவந்த சிஸ்டர் கூட்டத்தில் நோயைப் பற்றிப் பேசவே இல்லை. "ஒரு வாய் களி தின்னணும்மான்னு கேட்டாரு. அவங்க வீட்டம்மா ராகிக் கூழா கரைச்சு ஸ்பூன்ல ஊட்டுனாங்க. உள்ள போனது கன்னத்து வழியா என் கையில வந்து விழுந்துச்சு. சூடா இருந்துச்சு. அந்தச் சூடு இன்னும் கையிலயே இருக்கு" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் இருந்த டிரைவர், "அன்னைக்கு வண்டியில நீங்க கையை ஜன்னலுக்கு வெளியவே வச்சிருந்தீங்கக்கா, நான் பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அந்த சிஸ்டர் அழுதார், பிறகு டீ வந்தது. யாரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. மூக்கு வழியாக உணவு கொடுக்கும் ரைல்ஸ் டியூப் போட்டிருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை டாக்டரும் அவரும் வேறு நேரத்தில் பேசிக்கொள்ளலாம்.

நடத்துபவருக்குச் சில விதிகள். "அதெல்லாம் மனசுல வச்சுக்காத", "இந்த வேலைன்னா இப்படித்தான்", "விதி" ஆகிய மூன்றும் தடை. பேசியவரின் பேச்சு முடிந்ததும் உடனே அடுத்தவருக்குத் தாவ வேண்டாம். மேலதிகாரி அறையில் இருந்தால் அவரும் ஒரு மனிதராக எதையாவது சொல்ல வேண்டும், மேற்பார்வை செய்துகொண்டு உட்காரக்கூடாது. அழுதால் டிஷ்யூவை நீட்டிக்கொண்டு ஓடாதீர்கள், அழட்டும். கூட்டத்தில் கேட்டது வெளியே போகக்கூடாது, வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் பற்றி ஒரு ஸ்மைலிகூட வரக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. மோசமான சாவு ஒன்று நடந்த அன்றே எல்லாரையும் கட்டாயமாக உட்காரவைத்து, ஒவ்வொருவரும் நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு காலத்தில் செய்துவந்தார்கள். அதனால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று ஆய்வுகள் காட்டியதால் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. வாராந்திரக் கூட்டம் வழக்கமாக நடக்க வேண்டும், பேச்சு விருப்பமாக இருக்க வேண்டும். சம்பவம் நடந்த அன்று தேவைப்படுவது வேறு.

ஐந்தாம் படி: சாவு நடந்த அன்றும் அதற்குப் பிறகும்

அன்று தேவைப்படுவது: ஒரு போன் கால், சூடாக ஏதாவது சாப்பாடு, வீட்டுக்குப் போக ஒரு வண்டி. பொறுப்பாளர் போன் செய்து "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. மீதி விசிட்டை யார் பார்ப்பார்கள் என்பதை நீங்களே முடிவுசெய்து சொல்லிவிடுங்கள். "முடியும்னா மீதி ரெண்டு வீட்டையும் பார்த்துட்டு வந்துடு" என்று அவரிடமே விட்டால் அவர் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

வார்டில் அல்லது இல்லத்தில் ஒருவர் இறந்தால், உடலைச் சுத்தம் செய்யத் தொடங்குமுன் கட்டிலைச் சுற்றி ஒரு நிமிடம் எல்லாரும் அமைதியாக நிற்கும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். எந்த மதத்தவரும் நிற்கலாம். உடனே அடுத்த வேலைக்கு ஓடாமல் இருக்க அந்த ஒரு நிமிடம் அனுமதி கொடுக்கிறது.

எழவு வீட்டுக்குப் போய்வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவது நம் பக்கத்துப் பழக்கம். நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் குழுவில் இருப்பார்கள். ஆபீசில் குளிக்க ஒரு இடமும் மாற்றுத் துணி வைக்க ஒரு பீரோவும் இருந்தால் எல்லாருக்கும் நல்லது. சீருடையோடு நோயின் வாசனையும் அங்கேயே தங்கிவிடும். 'சாவு வீட்டுக்கே போறவ' என்று மாமியார் வீட்டில் முணுமுணுப்பு கேட்கும் பெண்களுக்கு இது பெரிய உதவி.

காரியத்தன்று அல்லது அதற்கு முன்பின் ஒரு நாள் அந்த வீட்டுக்கு ஒரு விசிட் போக டூட்டி நேரத்திலேயே இடம் கொடுங்கள். குடும்பத்துக்கு ஆறுதல், பணியாளருக்கு மனநிறைவோடு விடைபெறும் வாய்ப்பு. "கடைசி ரெண்டு நாள் வலியில்லாம தூங்குனாரு சிஸ்டர்" என்று அந்த வீட்டம்மா வாயால் கேட்பதற்கு ஈடாக எந்தப் பயிற்சி வகுப்பும் கிடையாது. குழந்தை இறந்தால், அல்லது ஒரே வாரத்தில் மூன்று நான்கு பேர் போய்விட்டால், கேட்காமலே ஒரு நாள் லீவு கொடுங்கள்.

ஆறாம் படி: பொய் சொல்லும் சுமையை இறக்கி வையுங்கள்

பெங்களூரு கித்வாய், சென்னை அடையாறு என்று புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு அலைந்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்ற சொல்லோடு ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பும் குடும்பங்கள் நம்மிடம் வருகின்றன. பேஷண்டுக்கு மட்டும் எதுவும் தெரியாது. நம் பக்கத்தில் இது அன்பினால் செய்வது, குடும்பத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் தினமும் அந்தக் கட்டிலருகில் உட்கார்ந்து, "அல்சர்தான் ஐயா, சரியாயிடும்" என்று சொல்ல வேண்டிய செவிலியரின் நிலையை யோசியுங்கள்.

குழுவுக்கு ஒரு தெளிவான விதி வேண்டும். நோயைப் பற்றிச் சொல்லும் பொறுப்பு டாக்டருடையது. செவிலியர் தானாகச் சொல்லவும் வேண்டாம், பொய் சொல்லவும் வேண்டாம். பேஷண்ட் கேட்டால் என்ன சொல்லலாம் என்று சேர்ந்து பழகுங்கள். "உங்களுக்கு என்ன தோணுது ஐயா?" என்று திருப்பிக் கேட்கலாம். "டாக்டர் வியாழக்கிழமை வர்றார், அவர்கிட்ட நீங்களே கேளுங்க, நானும் பக்கத்துல இருக்கேன்" என்று சொல்லலாம். டாக்டர் அந்த வியாழக்கிழமை கண்டிப்பாகப் போக வேண்டும். போகவில்லை என்றால் இந்த விதி செத்துப்போகும். ஓசூர், தளிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. அந்த மொழி தெரியாத செவிலியரை இப்படிப்பட்ட பேச்சுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்கவைப்பதும் கூடாது, அது அந்தப் பிள்ளைக்கும் காயம்.

இன்னொரு காயம், பழி. "நீங்க குடுத்த மாத்திரையாலதான் போயிட்டாரு" என்று துக்கத்தில் யாராவது கத்துவார்கள். அந்த வீட்டுக்கு அடுத்த நாள் டாக்டர் நேரில் போக வேண்டும், மார்ஃபினை எந்த அளவில், எதற்காகக் கொடுத்தோம் என்று அவரே விளக்க வேண்டும். கை நீட்டினால் பொறுத்துப்போகச் சொல்லாதீர்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை நிமித்தம் போகும் இடமும் அதற்கு நிறுவனம் தரும் வண்டியும் பணியிடத்தில் சேர்ந்ததுதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் உள்புகார்க் குழு கட்டாயம். பத்துக்குக் குறைவு என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். இந்த விவரம் நோட்டீஸ் போர்டில் இருக்கட்டும்.

ஏழாம் படி: டிரைவர், ஆயா, தன்னார்வலர்

பலர் 'ஸ்டாஃப்' என்றால் டாக்டரும் நர்ஸும் என்றே நினைக்கிறார்கள். வண்டியில் செவிலியர் அழுவதைத் தினமும் பார்ப்பவர் டிரைவர். இறந்தவரைக் குளிப்பாட்டுபவர் ஆயா. வாராந்திரக் கூட்டத்தில் இவர்களுக்கும் நாற்காலி வேண்டும், அதே வரிசையில்.

தன்னார்வலர்களின் நிலை இன்னும் கடினம். அவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பேஷண்ட் அவர்களுக்குச் சித்தப்பாவாக இருப்பார், பள்ளித்தோழியாக இருப்பார். செவிலியர் வண்டியில் ஏறிப் போய்விடுவார், இவர்கள் அந்தத் தெருவிலேயே இருக்க வேண்டும். நெருங்கிய சொந்தம் பேஷண்டாக வந்தால் அந்த வீட்டை வேறொருவருக்கு மாற்றிக் கொடுங்கள். அவர் சொந்தமாக அங்கே இருக்கட்டும், வேலையாக வேண்டாம்.

எட்டாம் படி: இரவு போன், வீடு, உதவி தேட வேண்டிய நேரம்

செவிலியரின் சொந்த நம்பர் எல்லா வீடுகளிலும் இருக்கும். இரவு பதினொரு மணிக்கு "சிஸ்டர், மூச்சு வாங்குது" என்று கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் குற்ற உணர்ச்சி, எடுத்தால் தூக்கம் போச்சு. குழுவுக்கு ஒரு பொது போன் வாங்குங்கள். அதை முறைவைத்து ஒருவர் இரவில் வைத்திருக்கட்டும், அவருக்கு மறுநாள் காலை தாமதமாக டூட்டி. வீட்டுக்காரர்களுக்கு முதல் விசிட்டிலேயே அந்த நம்பரையும் அவசரத்துக்கு 108-ஐயும் எழுதிக் கொடுங்கள். போனில் என்ன சொல்வது, எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கச் சொல்வது என்பதை டாக்டர் முன்கூட்டியே எழுதி வைத்தால் பாதி இரவு அழைப்புகள் இரண்டு நிமிடத்தில் முடியும்.

பணியாளர் வீட்டிலேயே ஒருவருக்குப் புற்றுநோய் வந்தாலோ, யாராவது இறந்தாலோ, திரும்பி வந்ததும் அதே நோய் உள்ள வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கேட்டுவிட்டு, சில வாரம் கிளினிக் வேலை கொடுங்கள்.

சில அடையாளங்களைக் கண்டால் காத்திருக்கக்கூடாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வேலைக்கு வருமுன் குடிக்கிறார், மருந்துப் பெட்டியிலிருந்து தூக்க மாத்திரை குறைகிறது, பேஷண்டைப் பற்றிய கனவு திரும்பத் திரும்ப வருகிறது, "எனக்கும் இப்படியே போயிட்டா நல்லாருக்கும்" என்று சொல்கிறார். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. அன்று அவரைத் தனியாக விடாமல் கூடவே இருந்து மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவை அணுகலாம். தெரிந்த முகங்கள் இருக்கும் என்று தயங்குபவர்கள் உண்டு, அது நியாயமான தயக்கம்தான். அவர்களுக்கு டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை, 24 மணி நேரமும் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம். சிகிச்சைக்குப் போனவர் விவரம் சர்வீஸ் ரெக்கார்டில் ஏறாது, குழுவில் பேசப்படாது என்பதற்கு நீங்கள் பொறுப்பு.

ஒன்பதாம் படி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள்

பெரிய படிவம் தேவையில்லை. எத்தனை பேர் லீவு எடுக்காமலே இருக்கிறார்கள், எத்தனை பேர் அடிக்கடி உடம்பு சரியில்லை என்கிறார்கள், யார் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார், புள்ளிக் கணக்கில் யார் எப்போதும் மேலே இருக்கிறார் என்று பாருங்கள். முதல் படியின் மூன்று கேள்விகளை மறுபடி கேளுங்கள். போன முறை ஒருவர் கேட்ட மாற்றத்தைச் செய்தீர்களா என்பதை அவரிடமே சொல்லுங்கள். செய்ய முடியவில்லை என்றால் ஏன் என்று சொல்லுங்கள்.

பொறுப்பாளராக உங்களுக்கும் ஒரு ஆள் வேண்டும். குழுவின் கண்ணீரையெல்லாம் கேட்பவர் தன்னுடையதை அந்தக் குழுவிடமே கொட்ட முடியாது. வேறு ஒன்றியத்தில் இதே பொறுப்பில் இருக்கும் ஒருவரோடு மாதம் ஒருமுறை பேச ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் ஒன்றியத்தில் மொத்தமே ஒரு செவிலியரும் ஒரு பிசியோதெரபிஸ்டும்தான் என்றால் கூட்டம் எப்படி நடத்துவது என்று கேட்பீர்கள். பக்கத்து ஒன்றியத்தோடு சேருங்கள். பென்னாகரமும் ஏரியூரும் சேரலாம், தளியும் கெலமங்கலமும் சேரலாம். வாரம் ஒருமுறை போனிலும், மாதம் ஒருமுறை நேரிலும் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கூடுவதை மாவட்ட ரிவ்யூ மீட்டிங் நடக்கும் நாளில், மீட்டிங் முடிந்த பிறகு வைத்தால் பயணப்படி பிரச்சினை வராது. அந்த ஒரு மணி நேரத்தை டூட்டி நேரமாக எழுதிக்கொள்ள மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல்லாக இருந்தால் அதிகாரி மாறும்போது நின்றுபோகும்.